கருவியின் முதுமையும் ஓர் அளவுதான்

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபெர்மி தேசிய ஆய்வகத்திலிருந்து ஓர் எண் வெளிவந்தது. டபிள்யூ போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறை 80,433.5 மெகா எலக்ட்ரான் வோல்ட், பிழை வரம்பு 9.4 என்றது அந்த அறிவிப்பு. துகள் இயற்பியலில் இன்று நிலைபெற்றிருக்கும் கோட்பாட்டின்படி வர வேண்டிய மதிப்பு 80,357. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கோட்பாட்டையே ஆட்டிப் பார்க்க அந்த வித்தியாசம் போதும் என்பதால் உலகெங்கும் அது செய்தியாயிற்று. அந்த எண்ணுக்கு ஆதாரமான மோதல்கள் எல்லாம் 2011 செப்டம்பர் 30-க்குள் நடந்து முடிந்தவை. அன்றுதான் டெவட்ரான் என்ற அந்த மோதல் எந்திரத்தை நிரந்தரமாக நிறுத்தினார்கள். செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறாத தகவல் ஒன்று உண்டு. அந்த மோதல்களைப் பதிவு செய்த சி.டி.எஃப். உணர்கருவியின் நடுப்பகுதியில் இருந்த கம்பிக் கலம், 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைவிட்டுப்போகும் நிலைக்கு வந்திருந்தது. அன்று அதை மீட்காமல் விட்டிருந்தால் 2022-இல் பேசுவதற்கு எண்ணே இருந்திருக்காது.

பெரிய ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு நாள்களைத்தான் கொண்டாடுகிறோம். ஒன்று எந்திரம் ஓடத் தொடங்கிய நாள், மற்றொன்று கண்டுபிடிப்பை அறிவித்த நாள். நடுவில் கிடக்கும் பத்து, இருபது ஆண்டுகளைப் பராமரிப்பு என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். எண்ணெய் போடுவது, திருகு முடுக்குவது, கெட்டதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது போன்ற வேலையாகத்தான் அது நம் மனத்தில் பதிந்திருக்கிறது. நான் இங்கே சொல்ல வருவது வேறு. கெட்டுக்கொண்டே போகும் கருவியை ஓட வைப்பதும், அதைக் கொண்டு அளப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல. கருவி எவ்வளவு கெட்டிருக்கிறது, எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது, எந்த வேகத்தில் கெடுகிறது என்று தெரிந்தால்தான் அது காட்டும் அளவை நம்ப முடியும். ஐந்து கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்த பழைய தராசில் சரியாக நிறுத்துவிடலாம். எவ்வளவு தவறுகிறது என்று யாருமே சோதிக்காத புதுத் தராசில் அது முடியாது. ஆகவே பழுது பார்க்கிறவர்களை அறிவியலின் வாசலுக்கு வெளியே நிறுத்துவது அநியாயம் மட்டுமல்ல, அளவைப் பற்றிய தவறான புரிதலும்கூட.

உணர்கருவி ஏன் மூப்படைகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஜெனீவாவுக்கு அருகே, செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரும் மோதல் எந்திரத்தில் புரோட்டான்கள் எதிரெதிரே வந்து மோதுகின்றன. மோதும் இடத்தைச் சுற்றி அடுக்கடுக்காகக் கருவிகள் நிற்கின்றன. உள்ளே சிலிக்கான் தகடுகள் துகள் போன தடத்தைக் குறிக்கும். அதற்கு வெளியே படிகங்களும் உலோக அடுக்குகளும் துகளைத் தடுத்து அதன் ஆற்றலை அளக்கும். கடைசியில், எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வரும் மியூவான்களுக்காக வாயு நிரப்பிய கலங்கள் இருக்கும். இவற்றின் வேலையே துகள்களை மேலே படவிடுவதுதான். பட்ட ஒவ்வொரு துகளும் ஏதோ ஒரு சேதத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. சிலிக்கானில் அணுக்கள் தம் இடத்திலிருந்து தள்ளப்படுகின்றன. படிகம் மங்குகிறது. வாயு சிதைந்து கம்பியில் படிகிறது. அளக்க வேண்டிய பொருளே அளக்கும் கருவியை அரிக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். எந்திரம் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகக் கருவி கெடும்.

சி.டி.எஃப். கம்பிக் கலத்துக்கு நேர்ந்தது இதற்கு நல்ல உதாரணம். அதில் 30,240 உணர்கம்பிகள். ஒவ்வொன்றும் தங்க முலாம் பூசிய டங்ஸ்டன், 40 மைக்ரான் தடிமன், மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். சுற்றிலும் ஆர்கானும் ஈத்தேனும் சரிபாதியாகக் கலந்த வாயு. மின்னேற்றமுள்ள துகள் ஒன்று அதன் ஊடாகப் போனால், வழியில் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்க்கும். அவை கம்பியை நோக்கி நகரும். கம்பியை நெருங்க நெருங்க மின்புலம் மிக வலுவாவதால் ஓர் எலக்ட்ரான் பல்லாயிரமாகப் பெருகி, அளக்கத்தக்க துடிப்பாக மாறும். ஈத்தேன் ஹைட்ரோகார்பன் வகையைச் சேர்ந்தது. அந்த மின்பெருக்கத்தில் அதன் மூலக்கூறுகள் உடைந்து, துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பியின் மேல் கார்பன் படலமாக ஒட்டிக்கொள்ளும். படலம் ஏற ஏறக் கம்பியின் தடிமன் கூடும், அதன் பரப்பில் மின்புலம் குறையும், துடிப்பு சிறுக்கும். 2003-இலேயே உள்வரிசைக் கம்பிகளின் துடிப்பு தொடர்ந்து இறங்குவது தெரிந்துவிட்டது. மோதல்கள் அதிகமாக அதிகமாக இறக்கமும் அதிகமாயிற்று. 2004 தொடக்கத்தில், இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று உள்வரிசைகளின் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டி வந்தது. துகள் மிக நெருக்கமாகப் பாயும் இடத்தில் கலம் பாதி குருடாகிவிட்டது என்று பொருள்.

மீட்சி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கம்பிக் கலங்களில் ஆக்சிஜனை உள்ளே விடக்கூடாது என்பது பாலபாடம். நகர்ந்துவரும் எலக்ட்ரானை அது வழியிலேயே பிடித்துக்கொண்டு துடிப்பைக் குறைத்துவிடும். ஆனால் மின்பெருக்கம் நடக்கும் இடத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது கார்பன் படலத்தோடு வினைபுரிந்து, அதை வாயுவாக்கிக் கொண்டுபோயும் விடும். எவ்வளவு ஆக்சிஜன் விட்டால் படலம் கரையும், எவ்வளவு விட்டால் அளவே கெடும் என்ற மெல்லிய இடைவெளியைத்தான் அவர்கள் தேடினார்கள். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவில் ஆக்சிஜனைக் கலந்து, வாயு ஓடும் வேகத்தையும் கூட்டியபோது, கம்பிகளின் துடிப்பு பழைய உயரத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கலம் ஓடியது. மூடியைத் திறக்கவில்லை, ஒரு கம்பியைக்கூட மாற்றவில்லை. இதை வெறும் பழுது என்று எப்படிச் சொல்வது? சிதைவின் வேதியியலைப் புரிந்துகொண்டு, அதைத் திருப்பி ஓடவைத்த ஆய்வு அது.

இந்தச் சிதைவுகள் பாடப்புத்தகத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியவையும் அல்ல. செர்னின் எல்.எச்.சி.பி. சோதனைக்காக மெல்லிய குழாய்களுக்குள் கம்பி கோத்த தடங்காட்டி ஒன்றைக் கட்டினார்கள். எந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, கதிர்வீச்சு மூலத்தை வைத்துச் சோதித்தபோது துடிப்பு குறைவது தெரிந்தது. ஆனால் குறைந்த விதம் புதிராக இருந்தது. கதிர்வீச்சு கடுமையாகப் பட்ட இடத்தைவிட இலேசாகப் பட்ட இடத்தில் சேதம் கூடுதல். வாயு வரும் திசையில், மூலத்துக்கு முன்னால் இருந்த கம்பிகள் கெட்டன. மூலத்தைக் கடந்து வாயு போகும் பக்கத்துக் கம்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேடிப் பார்த்ததில் காரணம் பசை. குழாய்களை ஒட்டப் பயன்பட்டது அரால்டைட் வரிசையில் ஒரு குறிப்பிட்ட ரகம். நம் வீடுகளில் உடைந்த ஜாடியை ஒட்ட வைத்திருக்கும் அதே பெயர்தான். அந்த ரகத்தில் பசை இளக்கமாக இருப்பதற்காகச் சேர்த்திருந்த ஒரு பொருள் ஆவியாகிக் கம்பியில் படிந்திருந்தது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் வாயுவிலிருந்து கொஞ்சம் ஓசோன் உண்டாகி, வாயு போகும் திசையில் சென்று அந்தப் பக்கத்துக் கம்பிகளைப் படிவிலிருந்து காத்திருந்தது. அதனால்தான் ஒரு பக்கம் கெட்டது, மறுபக்கம் தப்பியது. குழாய்களைச் சூடேற்றி வாயுவை ஓடவிட்டு ஆவியை வெளியேற்றினார்கள். கலவையில் ஒன்றரை விழுக்காடு ஆக்சிஜன் சேர்த்தார்கள். பிறகு எந்திரம் ஓடிய ஆண்டுகளில் அந்தத் தடங்காட்டி சொல்லும்படியாக மூப்படையவில்லை.

சி.டி.எஃப். கருவியின் சிலிக்கான் பகுதிக்கு வாய்த்தது இன்னும் கடினமான பிழைப்பு. ஏறத்தாழ ஏழு லட்சத்து இருபதாயிரம் சமிக்ஞைத் தடங்கள் கொண்ட அந்தப் பகுதியை மூன்றாண்டு ஓட்டத்துக்கென்று வடிவமைத்திருந்தார்கள். அதற்குள் கதிர்வீச்சில் கெட்டுவிடும், பிறகு புதியதை வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். 2003-இல் அந்தப் புதிய கருவித் திட்டமே கைவிடப்பட்டது. பழையதை வைத்தே கடைசிவரை ஓட்ட வேண்டியதாயிற்று. ஓட்டினார்கள், 2011 வரை. திட்டமிட்டதைப் போல நான்கு மடங்குக்குக் குறையாத மோதல்களை அந்தச் சிலிக்கான் தாங்கியது. நடுவில் பட்ட பாடுகள் ஒவ்வொன்றும் தனிக்கதை. குளிர்நீர் போகும் குழாய்களில் சில, கட்டும்போதே உள்ளே வழிந்த பசையால் அடைத்துக்கொண்டிருந்தன. கை போகாத இடம் என்பதால், குழாய்க்குள்ளேயே லேசர் ஒளியைச் செலுத்திப் பசையை எரித்துத் திறந்தார்கள். 2007-இல் வேறொரு வினை. குளிர்நீரில் கலந்திருந்த கிளைக்கால் கதிர்வீச்சில் சிதைந்து ஃபார்மிக் அமிலமாகி, அலுமினியக் குழாய்களை அரித்து ஓட்டை போட்டது. அந்த ஓட்டைகளையும் வெளியிலிருந்து எட்ட முடியவில்லை. நுண்காமிராவையும் மெல்லிய குழலையும் உள்ளே செலுத்திப் பார்த்து, உட்பக்கமாகவே எப்பாக்ஸி பூசி அடைத்தார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பளிப்பது 2002-இல் அறுந்த நுண்கம்பிகளின் கதை. சிலிக்கான் பகுதியின் மின்சுற்றுகளை இணைக்கும் அலுமினியக் கம்பிகள் மயிரைவிட மெல்லியவை, ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. அவை காரணம் தெரியாமல் அறுந்தன. கருவி முழுவதும் 1.4 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் இருக்கிறது. மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப்புலம் தள்ளும் என்பது பள்ளிப் பாடம். ஒவ்வொரு முறை தரவைப் படிக்கும்போதும் கம்பிக்கு ஒரு சிறு தள்ளல் கிடைக்கிறது. தரவு படிக்கும் தாளம் எப்போதாவது சீராக அமைந்து, கம்பியின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், தள்ளல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து கம்பி ஆடத் தொடங்கும். ஆடி ஆடி அடியில் முறியும். இதைக் கண்டுகொண்டபின், தரவு படிக்கும் தாளம் சீராகிறதா என்று இடைவிடாமல் கவனித்து, அப்படி ஆனால் உடனே பதிவை நிறுத்தும் ஒரு மின்சுற்றைச் செய்து வைத்தார்கள். அதன்பின் கருவியை ஓட்டும் முறையே மாறியது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்தான், ஆனால் அதை அந்த இடத்தில் அடையாளம் காண நல்ல இயற்பியலாளர் தேவைப்பட்டது.

இத்தனை பாடு எதற்கு, புதிதாகவே செய்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முடிந்த இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். செர்னின் பெரும் மோதல் எந்திரத்தில் இருக்கும் சி.எம்.எஸ். கருவியின் மையத்தில் மோதல் நடக்கும் இடத்தை ஒட்டி இருக்கும் பிக்சல் என்ற சிலிக்கான் பகுதியை 2017-இல் முழுதாக மாற்றினார்கள். அதே கருவியின் வெளிப்புற ஹாட்ரான் அளவி, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பில் உருவானது. அதன் ஒளியுணரிகள் காந்தப்புலத்தில் தொல்லை கொடுத்ததால், எந்திரத்தின் முதல் நீண்ட நிறுத்தத்திலேயே சிலிக்கான் ஒளியுணரிகளாக மாற்றிவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் அப்படிக் கழற்ற முடியாது. சி.எம்.எஸ். 14,000 டன் எடை, தரைக்கு நூறு மீட்டர் கீழே ஒரு குகையில் நிற்கிறது. அதன் உள்ளே கை வைக்க எந்திரத்தை நிறுத்த வேண்டும், அடுக்குகளைப் பிரிக்க வேண்டும், கதிர்வீச்சு தணியும்வரை காத்திருக்க வேண்டும். புதிய உணர்கருவி ஒன்றை வரைந்து, சோதித்து, செய்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். மாற்றிவிடலாம் என்று இன்று முடிவெடுத்தாலும், இடைப்பட்ட காலம் முழுவதும் பழையதுதான் வேலை செய்ய வேண்டும். மாற்றிய புதியதும் பத்திரம் என்று சொல்வதற்கில்லை. 2017-இல் வைத்த அந்தப் பிக்சல் பகுதியிலேயே மின்னழுத்தம் மாற்றும் சில்லுகள் சில மாதங்களில் சாகத் தொடங்கின. கதிர்வீச்சு பட்ட நிலையில் அவற்றை அணைத்து அணைத்துப் போட்டதுதான் காரணம் என்று தெரிந்ததும், ஆண்டிறுதி நிறுத்தத்தில் எல்லாவற்றையும் மாற்றி, இயக்கும் முறையையும் மாற்றினார்கள். புதுக்கருவிக்கும் நோய் வரும். அதன் நோய்கள் இன்னும் தெரியவில்லை என்பதுதான் வேறுபாடு.

மாற்ற முடியாததை அளந்துகொண்டே இருப்பது எப்படி என்பதற்கு சி.எம்.எஸ்.-இன் படிகங்களைப் பார்க்க வேண்டும். லெட் டங்ஸ்டேட் படிகங்கள், மொத்தம் 75,848. கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கலாம், ஆனால் இரும்பைவிடக் கனமானவை. ஒரு சாண் நீளப் படிகம் ஒன்றரைக் கிலோ இருக்கும். ஒன்றை வளர்த்தெடுக்க இரண்டு நாள், எல்லாவற்றையும் வளர்த்து முடிக்கச் சுமார் பத்து ஆண்டு ஆயிற்று. ஃபோட்டான் வந்து மோதினால் படிகம் மின்னும். மின்னிய ஒளியின் அளவிலிருந்து ஃபோட்டானின் ஆற்றலைக் கணக்கிடுவார்கள். கதிர்வீச்சு படப்படப் படிகம் மங்கும், அதே ஆற்றலுக்குக் குறைந்த ஒளிதான் கடைசிவரை வந்து சேரும். எந்திரம் ஓயும் நேரங்களில் படிகம் தானாகவே கொஞ்சம் தெளியும். மறுபடி ஓடினால் மறுபடி மங்கும். ஆக ஒரே படிகம் காலையில் ஒன்று சொல்லும், இரவில் வேறொன்று சொல்லும். 2012-இல் நடுப்பகுதியில் இந்த இழப்பு 6 விழுக்காடு வரை போனது. புரோட்டான் குழாயை ஒட்டிய ஓரங்களில் 70 விழுக்காடு வரை.

அந்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதிதான் ஹிக்ஸ் போசான் அறிவிக்கப்பட்டது. அது இரண்டு ஃபோட்டான்களாகச் சிதையும் நிகழ்வுகளைக் கொண்டு கண்டதில், ஃபோட்டானின் ஆற்றலை ஒரு விழுக்காடு அளவுக்குத் துல்லியமாக அறிய வேண்டியிருந்தது. 6 விழுக்காடு தவறும் படிகங்களை வைத்து ஒரு விழுக்காட்டுத் துல்லியம் கிடைத்தது எப்படி? ஒவ்வொரு படிகத்துக்கும் ஒளியிழை வழியாக நீல லேசர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று பார்த்தார்கள். புரோட்டான்கள் வளையத்தை ஒருமுறை சுற்றி வர ஒரு வினாடியில் பதினோராயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்தச் சுற்றில் வேண்டுமென்றே காலியாக விட்ட மூன்று மைக்ரோ வினாடி இடைவெளி ஒன்று உண்டு. லேசர் துடிப்பு அந்த இடைவெளிக்குள்தான் போய்வரும். ஏறத்தாழ நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுபத்தைந்தாயிரம் படிகங்களின் மங்கலும் இப்படிப் பதிவாகி, இரண்டு நாளுக்குள் திருத்தமாகத் தரவில் ஏறிவிடும். அந்தத் திருத்தம் இல்லாமல் போயிருந்தால், ஹிக்ஸைக் காட்டிக்கொடுத்த, வரைபடத்தில் 125 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் எழுந்த சிறு மேடு பரந்து கரைந்திருக்கும். கருவியின் முதுமையைப் பற்றிய அளவு கண்டுபிடிப்பின் அளவுக்குள்ளேயே கலந்திருக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிரித்தெடுக்க முடியாது.

இங்கேதான் கடுமையான ஆட்சேபம் எழுகிறது. இவ்வளவு திருத்தம் செய்தால் முடிவு உண்மையில் இயற்கை சொன்னதா, திருத்தியவர்கள் சொன்னதா? சி.டி.எஃப்.-இன் டபிள்யூ எண்ணைப் பற்றி இந்தச் சந்தேகம் வந்தே தீரும். 2024 செப்டம்பரில் சி.எம்.எஸ். அதே துகளுக்கு அறிவித்த மதிப்பு 80,360.2, பிழை வரம்பு 9.9. கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது, சி.டி.எஃப்.-ஓடு ஒத்துப்போகவில்லை. செர்னின் மற்றொரு சோதனையான அட்லஸின் மதிப்பும் கோட்பாட்டின் பக்கம்தான். கிழட்டுக் கருவி தவறிவிட்டது என்று முடித்துக்கொள்ளலாமே? கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சி.டி.எஃப். குழு விண்வெளியிலிருந்து வந்து விழும் மியூவான்களை வைத்துக் கம்பிகளின் இடத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தது. ஏற்கெனவே நிறை தெரிந்த துகள்களை அளந்து பார்த்தது. மியூவான் வழியே அவர்கள் அளந்த இசட் போசானின் நிறை 91,192. ஐரோப்பாவில் முன்பே மிகத் துல்லியமாக அளந்த மதிப்பு 91,187.6. பிழை வரம்புக்குள் இரண்டும் ஒன்றுதான். கம்பிக் கலம் கெட்டது, மீண்டது என்ற வரலாறு மறைக்கப்படவில்லை. அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேள்வி கேட்கலாம். சி.டி.எஃப். தவறியிருக்கவும் கூடும். தவறியிருந்தால் அது எங்கே என்று தேடுவதற்கான வழி அந்தப் பதிவுகளில்தான் இருக்கிறது. திருத்தம் செய்வது சந்தேகத்துக்குரியது அல்ல. எதை, ஏன், எவ்வளவு திருத்தினோம் என்று சொல்லாமல் விடுவதுதான் சந்தேகத்துக்குரியது.

இன்னோர் ஆட்சேபத்தை என்னால் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. பழைய கருவியை ஓட்டுவதால் சுற்றுச்சூழலுக்கு ஆகும் கேடு அது. அட்லஸ் சோதனையில் மியூவான்களைப் பிடிக்கும் ஆர்.பி.சி. கலங்களில் ஓடும் வாயுவில் பெரும்பங்கு ஆர்-134ஏ. கார் ஏ.சி.யிலும் பழைய ஃபிரிட்ஜிலும் இருக்கும் அதே வாயு. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,400 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. கலங்களுக்கு வாயு போகும் பிளாஸ்டிக் இணைப்புகள் காலப்போக்கில் விரிசல் விட்டுக் கசிகின்றன. செர்ன் தன் அறிக்கையில் சொன்னபடி, 2018-இல் அதன் நேரடிப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 78 விழுக்காடு இத்தகைய ஃபுளோரின் வாயுக்களால் ஆனது. ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார்கள். 2023-இல் அட்லஸ் தன் வாயுவில் 30 விழுக்காட்டைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றியது. அப்படி மாற்றினால் கலம் எப்படி மூப்படையும் என்பதையும் சேர்த்தே சோதிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு இது தொலைதூர விஷயம் அல்ல. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகமும் இதே வகைக் கலங்களைத்தான் நம்பியிருந்தது. மதுரையில் இருக்கும் அதன் 85 டன் முன்மாதிரியிலும் ஆர்-134ஏ வாயுதான். இத்தகைய ஆய்வை ஆதரிக்கிறவர்கள் கசிவை அடைப்பதையும் ஆய்வின் கடமையாக ஏற்க வேண்டும். அடைக்க முடியாத கசிவு என்று தெரிந்தபின்னும் ஓட்டுவதை என்னால் ஆதரிக்க முடியாது. ஆனால் அதற்கான விடையும் பழுது பார்க்கும் கையிலிருந்துதான் வருகிறது, கருவியைக் கைவிடுவதிலிருந்து அல்ல. புதிய கலங்கள் கட்டினாலும் இருபது ஆண்டில் அவற்றின் இணைப்புகளும் விரிசல் விடும்.

இந்த வேலைக்குக் கிடைக்கும் மதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டிலும் ஆய்வுக்கட்டுரையில் பெயர் வர வேண்டுமானால், கருவிக்கோ மென்பொருளுக்கோ சேவைப் பணி செய்திருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒன்றாக வருவதும், வேலைக்கான நேர்காணலில் இதைச் செய்தவர் இவர் என்று அறியப்படுவதும் ஒன்றல்ல. கண்டுபிடிப்பின் வரைபடத்தை வரைந்தவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். லேசர் திருத்தத்தை ஐந்தாண்டு கவனித்துக்கொண்டவர் அப்படி நினைவில் நிற்பதில்லை. இதன் விளைவு வெறும் மனவருத்தம் அல்ல. இந்தக் கருவிகளைக் கட்டியவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எந்தச் சில்லு எந்த வெப்பத்தில் அடம்பிடிக்கும் என்பதில் பாதி அவர்கள் தலையில்தான் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளும் இளைஞருக்கு எதிர்காலம் உண்டு என்ற உறுதி இல்லாவிட்டால் அவர் ஏன் கற்றுக்கொள்வார்? பல்கலைக்கழகங்களும் நிதி தரும் அமைப்புகளும் இந்தப் பணியை ஆய்வாகவே எடைபோட வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். இந்தியக் குழுக்களுக்கும் இது பொருந்தும். சென்னை ஐ.ஐ.டி. உட்பட நம் நிறுவனங்கள் பல சி.எம்.எஸ்.-இல் இருக்கின்றன.

வரப்போகும் ஆண்டுகளில் இந்தத் தேவை கூடத்தான் செய்யும். 2026-இல் தொடங்கும் நீண்ட நிறுத்தத்துக்குப் பின், 2030 வாக்கில் ஜெனீவா எந்திரம் இன்னும் அடர்த்தியான மோதல்களோடு திரும்ப இருக்கிறது. அதன் ஆயுளுக்குள் முதல் திட்டத்தைப் போலப் பத்து மடங்கு மோதல்கள் என்பது இலக்கு. சி.எம்.எஸ்., அட்லஸ் இரண்டின் உள் தடங்காட்டிகளும் முழுதாக மாறும். சி.எம்.எஸ்.-இன் முனைப்பகுதிப் படிகங்கள் போய்ச் சிலிக்கான் அளவி வரும். நடுப்பகுதியின் 61,200 படிகங்கள் அப்படியே இருக்கும். அவற்றின் ஒளியுணரிகளில் இரைச்சலைக் குறைக்க, இதுவரை 18 டிகிரியில் வைத்திருந்த பகுதியை 9 டிகிரிக்குக் குளிர்விக்கப் போகிறார்கள். புதிய சிலிக்கானை எந்திரம் ஓடாத மாதங்களிலும் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சூடேற விட்டால் உள்ளே ஏற்கெனவே உண்டான சேதம் வளரும் என்பது பழைய சிலிக்கானை வைத்துக் கற்ற பாடம். செர்னில் சீசியம்-137 மூலத்தைக் கொண்ட ஒரு கூடத்தில், மியூவான் கலங்களின் பல ஆண்டு மூப்பைச் சில ஆண்டுகளுக்குள் வரவழைத்து, எங்கே கெடும் என்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அட்லஸின் புதிய பிக்சல் பகுதியில், மோதும் இடத்தை ஒட்டிய இரண்டு அடுக்குகள் முழு ஆயுளுக்கும் தாங்காது என்பது கணக்கிட்டுத் தெரிந்திருக்கிறது. அதனால் அவற்றை நடுவிலேயே உருவி எடுத்துப் புதியதை வைக்கத் தோதாக, வரைபடத்திலேயே வழி விட்டிருக்கிறார்கள்.